புது ஏர் ரைஃபிள்: முதலில் உடம்புக்குப் பொருத்துங்கள், பெல்லட் அப்புறம்

கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து ஒரு தந்தை கேட்டிருக்கிறார். பிளஸ் ஒன் படிக்கும் மகளுக்கு 10 மீட்டர் போட்டிக்கான ஏர் ரைஃபிள் புதிதாக வாங்கிக் கொடுத்திருக்கிறார். கிளப்பின் பழைய ரைஃபிளில் வந்த ஸ்கோர்கூட இதில் வரவில்லை. வெளிநாட்டில் துல்லியச் சுடுதல் செய்கிறவர்கள் தோட்டாவுக்குத் தாங்களே வெடிமருந்து அளந்து நிரப்பி, தங்கள் ரைஃபிளுக்கென்றே தயாரித்துக்கொள்வதாகப் படித்திருக்கிறார். நாமும் அப்படி ஏதாவது செய்யலாமா, எந்த பெல்லட் (ஈயக் குண்டு) நல்லது, ரைஃபிளை எப்படி செட் செய்வது என்பவை அவர் எழுதிய கேள்விகள். மூன்றுக்கும் அடியில் ஒரே கேள்விதான் இருக்கிறது: இவ்வளவு செலவு செய்தும் பாயிண்ட் எங்கே போகிறது? புதுச்சேரியில் பல ஆண்டுகளாகப் பிள்ளைகளுக்கு ரைஃபிள் பயிற்சி கொடுத்து வருகிறேன். அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன்.

தோட்டா விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். ஏர் ரைஃபிளில் மருந்தே கிடையாது. அழுத்தப்பட்ட காற்றுதான் ஈயக் குண்டைத் தள்ளுகிறது. எனவே நிரப்புவதற்கு ஒன்றும் இல்லை. 50 மீட்டர் போட்டியில் பயன்படும் .22 தோட்டாவையும் யாரும் வீட்டில் நிரப்புவதில்லை. அதன் பற்றவைப்பு மருந்து பித்தளைக் கூட்டின் அடி விளிம்புக்குள்ளேயே ஆலையில் பூசப்படுகிறது. சுட்டு முடித்த கூட்டை மறுபடி பயன்படுத்த வழியில்லை. நீங்கள் படித்தது பெரிய ரைஃபிள்களைப் பற்றி. அங்கே கூடு, பற்றவைப்பான், மருந்து, குண்டு என்று நான்கும் தனித்தனியாகக் கிடைப்பதால் அளந்து சேர்க்க முடிகிறது. நம் நாட்டில் தோட்டா தயாரிப்பது 1959 ஆயுதச் சட்டத்தின் 5-ஆம் பிரிவில் உரிமம் கேட்கும் வேலை. வீட்டு மேசையில் செய்து பார்க்கிற காரியம் இல்லை, அந்த ஆசையை விட்டுவிடுங்கள். உங்கள் மகளின் ரைஃபிள் வேறு வகை. 4.5 மி.மீ. விட்டம், 20 ஜூலுக்கு மிகாத ஆற்றல் என்ற வரம்புக்குள் இருக்கும் ஏர் ரைஃபிளுக்கு 2016 ஆயுத விதிகளின்படி உரிமம் தேவையில்லை. போட்டி ரைஃபிள்கள் எட்டு ஜூல் அளவில்தான் வேலை செய்கின்றன.

ஆனால் தோட்டா நிரப்புகிறவர்களின் வேலையில் நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்று இருக்கிறது. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுவார்கள், மாற்றியதை எழுதி வைப்பார்கள். இந்த ஒழுங்கு ஏர் ரைஃபிளுக்கும் அப்படியே பொருந்தும். நம் வரிசை இதுதான்: முதலில் உடம்புக்கு ரைஃபிள், அடுத்து சைட் (குறி பார்க்கும் உறுப்பு), அடுத்து டிரிகர், கடைசியில் பெல்லட். பெரும்பாலான பெற்றோர் பெல்லட்டில் ஆரம்பிக்கிறார்கள். கடையில் காசு கொடுத்தால் உடனே கிடைப்பது அதுதான்.

உடம்புக்குப் பொருத்துவதைத்தான் விரிவாகச் சொல்ல வேண்டும். ஷூட்டிங் ஜாக்கெட்டும் ஷூவும் வாங்கிவிட்டீர்களா? இல்லையென்றால் அவை வரும்வரை ரைஃபிளின் திருகு எதையும் தொடாதீர்கள். ஜாக்கெட் போட்டதும் தோளின் தடிமனும் கை ஊன்றும் இடமும் மாறிவிடும். டி-ஷர்ட்டில் செட் செய்தது ஜாக்கெட்டில் பொருந்தாது.

வலது கைக்காரர் என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன். இடது பக்கம் இலக்கை நோக்கியிருக்க, கால்களைத் தோள் அகலத்துக்கு வைத்து நிற்கச் சொல்லுங்கள். இடது இடுப்பு இலக்குப் பக்கமாகச் சற்று முன்னே போக வேண்டும். இடது முழங்கை அந்த இடுப்பெலும்பின் மேலோ விலாவின் மேலோ உட்கார வேண்டும். ரைஃபிளின் எடை உள்ளங்கையில் இறங்கி, முன்கை எலும்பு வழியாக இடுப்புக்கும் அங்கிருந்து இடது காலுக்கும் போய்ச் சேர வேண்டும். தசை தூக்கினால் இருபதாவது குண்டிலேயே கை நடுங்க ஆரம்பித்துவிடும். எலும்பு தாங்கினால் போட்டியின் 60 குண்டும் ஒரே மாதிரி நிற்கலாம்.

இப்போது ரைஃபிள் இல்லாமல், கழுத்தை நிமிர்த்தி, இலக்கைப் பார்க்கும் வாட்டத்தில் தலையைத் திருப்பச் சொல்லுங்கள். தலை இருக்கும் இடம் அதுதான். ரைஃபிள் அங்கே வர வேண்டும், தலை ரைஃபிளைத் தேடிப் போகக் கூடாது. புது ரைஃபிளோடு வருகிற பிள்ளைகளில் பாதிப் பேர் கழுத்தைக் கோழி மாதிரி முன்னே நீட்டிப் பின் சைட்டின் துளையைத் தேடுவதைப் பார்க்கிறேன். தலை கீழே குனிய வேண்டியிருந்தால் பட் பிளேட்டை, அதாவது தோளில் பதியும் பின்தகட்டை, கீழே இறக்குங்கள். பட் பிளேட் இறங்கினால் தோளுக்கு மேலே ரைஃபிள் உயரும். அப்படியும் போதாவிட்டால் இரண்டு சைட்டுக்கும் அடியில் உயரக் கட்டை போட்டு ஏற்றலாம். தலை முன்னே நீண்டால் பட் நீளம் அதிகமாக இருக்கலாம், அல்லது பின் சைட் தள்ளி இருக்கலாம். கண்ணுக்கும் பின் சைட்டின் துளைக்கும் இடையே இரண்டு மூன்று விரல் இடைவெளி என்பது ஆரம்பத்துக்குச் சரியாக இருக்கும்.

சீக் பீஸை, அதாவது கன்னம் சாயும் கட்டையை, இப்படிச் சோதியுங்கள். ரைஃபிளைத் தூக்கி, கன்னத்தை வைத்து, கண்ணை மூடச் சொல்லுங்கள். இரண்டு மூச்சு விடட்டும். தலையின் பாரம் முழுவதும் கன்னத்தின் வழியாகச் சீக் பீஸில் இறங்கட்டும். கண்ணைத் திறந்ததும் பின் துளையின் நடுவில் முன் சைட்டின் வட்டம் தெரிய வேண்டும். ஒரு பக்கம் நிலா மாதிரி வெட்டுப்பட்டுத் தெரிந்தால் சீக் பீஸ் ஏறவோ இறங்கவோ நகரவோ வேண்டும். கன்னத்தை அமுக்கியோ தூக்கியோ நடுவுக்குக் கொண்டுவரப் பிள்ளைகள் உடனே கற்றுக்கொண்டுவிடுவார்கள், அதை அனுமதிக்காதீர்கள். அரை மில்லிமீட்டர் நகர்த்தல்கூட இங்கே பெரிய மாற்றம்.

அடுத்து அதே கண் மூடல் சோதனையை இலக்கை வைத்துச் செய்யுங்கள். கண் திறக்கும்போது ரைஃபிள் கறுப்பு வட்டத்துக்கு இடது பக்கமோ வலது பக்கமோ நின்றால் கையால் இழுக்கக் கூடாது. காலை நகர்த்த வேண்டும். மேலே கீழே நின்றால் இடது கையின் தாங்கலையோ பட் பிளேட்டையோ சரிசெய்ய வேண்டும். உடம்பு சும்மா இருக்கும்போது ரைஃபிள் எங்கே பார்க்கிறதோ அதுதான் உண்மையான குறி. இதைத் தினமும் முதல் குண்டுக்கு முன் செய்ய வேண்டும். பயிற்சியில் வீணாகும் பாயிண்டுகளில் பெரும்பங்கு இங்கேதான் போகிறது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ரைஃபிளின் மொத்த எடை, சைட் உட்பட, விதிப்படி 5.5 கிலோவைத் தாண்டக் கூடாது. பதினாறு வயதுப் பெண்ணுக்கு அந்த உச்சத்தைத் தொட வேண்டிய அவசியமில்லை. முன்னால் மாட்டும் எடைத் துண்டுகளைக் கழற்றி வைத்துவிட்டு, இடுப்பில் வலி இல்லாமல் முழுப் போட்டியும் நிற்க முடிகிறதா என்று பாருங்கள். முதுகை வளைத்து நிற்கும் விளையாட்டு இது. வலி வந்தால் பொறுத்துக்கொள்ளச் சொல்லாதீர்கள், பொசிஷனை மாற்றுங்கள். ஒவ்வொரு திருகும் எந்த இடத்தில் நிற்கிறது என்று மார்க்கரால் கோடு போட்டு, செல்போனில் படமும் எடுத்து வையுங்கள். வளரும் பிள்ளை என்பதால் சில மாதங்களுக்கு ஒருமுறை இதையெல்லாம் திரும்பப் பார்க்க வேண்டியிருக்கும்.

சைட்டில் இரண்டே விஷயம். முன் சைட்டில் போடும் வளையம் சின்னதாக இருந்தால் துல்லியம் கூடும் என்று பலர் நினைக்கிறார்கள். நடப்பது நேர்மாறு. கறுப்பு வட்டத்தைச் சுற்றி வெள்ளை தாராளமாகத் தெரிந்தால்தான் நடுவில் இருக்கிறதா இல்லையா என்று கண்ணுக்கு உடனே தெரியும். வெள்ளை மெல்லிய கோடாகிவிட்டால் கண் சந்தேகப்படும், விரல் தயங்கும், நேரம் நீளும், குண்டு வெளியே போகும். எனவே ஒரு அளவு பெரியதையே போடுங்கள். இரண்டாவது, சைட்டின் திருகைக் கிளிக் கிளிக்காகத் திருப்பும் திசை. சில ஜெர்மன் சைட்டுகளில் அம்புக்குறி ‘குண்டு மேலே போனால் இப்படித் திருப்பு’ என்ற பொருளில் இருக்கும். வேறு சிலவற்றில் ‘குண்டை மேலே கொண்டுபோக இப்படித் திருப்பு’ என்று இருக்கும். யாரையும் கேட்காதீர்கள். ஐந்து குண்டு சுட்டு, பத்து கிளிக் திருப்பி, மறுபடி ஐந்து சுட்டால் திசையும் ஒரு கிளிக்கின் அளவும் சேர்ந்தே தெரிந்துவிடும். டைரியில் எழுதிக்கொள்ளுங்கள். கண்ணில் பவர் இருக்குமோ என்று சந்தேகம் வந்தால் கண் மருத்துவரிடம் போக வேண்டும். அதை என்னைப் போன்ற பயிற்சியாளரால் தீர்க்க முடியாது.

டிரிகரை ஆரம்பத்திலேயே மயிரிழைக்குக் குறைக்காதீர்கள். முதல் கட்டம் தெளிவாக நின்று, அங்கே விரல் ஓய்ந்து, பிறகு இரண்டாம் கட்டம் விடுபட வேண்டும். அந்த நிற்குமிடம் விரலுக்குத் தெரியாத அளவுக்கு லேசாக இருந்தால் வேண்டாத நேரத்தில் குண்டு போய்விடும். விரலின் முதல் கணு டிரிகரில் நேராகப் பின்னோக்கி அமர்கிறதா என்று மட்டும் பார்த்து, அதற்கேற்ப டிரிகர் பிளேடை முன்பின் நகர்த்தினால் போதும்.

இப்போது பெல்லட்டுக்கு வருவோம். இலக்கின் நடுவில் இருக்கும் பத்துப் புள்ளி அரை மில்லிமீட்டர்தான். பெல்லட்டின் விட்டம் 4.5 மி.மீ. என்பதால் அதன் ஓரம் புள்ளியைத் தொட்டாலே பத்து. கணக்குப் போட்டால் பெல்லட்டின் மையம் நடுவிலிருந்து 2.5 மி.மீ.-க்குள் இருந்தால் பத்து. அதற்குள் நடுவை நெருங்க நெருங்க 10.1, 10.2 என்று 10.9 வரை ஏறும், ஒவ்வொரு பத்திலொரு பாயிண்டுக்கும் 0.25 மி.மீ. உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றில் முன்வரிசையில் நிற்க 60 குண்டில் 630-ஐத் தாண்ட வேண்டும், அதாவது சராசரி 10.5. கடலூரில் பிறந்து அகமதாபாத்தில் வளர்ந்த ரைஃபிள் வீராங்கனை இளவேனில் வாலறிவன் போட்டியிடுவது அந்த உயரத்தில்தான். அங்கே பெல்லட் சோதனைக்கு மதிப்பு உண்டு.

உங்கள் மகளின் இன்றைய நிலைக்கு அதே கணக்கைப் போடுவோம். அவருடைய கைப்பரவல், அதாவது பத்துக் குண்டும் விழும் அகலம், 12 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். ரைஃபிளைக் கையில் பிடிக்காமல் அசையாத பிடியில் பொருத்திச் சுடும்போது ஒரு பெல்லட் 2.5 மி.மீ. குரூப் (குண்டுகள் விழும் அகலம்) தருகிறது, இன்னொரு நல்ல பெல்லட் 1.5 மி.மீ. தருகிறது. இரண்டு பிழைகளும் நேராகக் கூடுவதில்லை. வர்க்கங்களைக் கூட்டி வர்க்கமூலம் எடுக்க வேண்டும். முதல் பெல்லட்டோடு மொத்தப் பரவல் 12.26 வரும், இரண்டாவதோடு 12.09. வித்தியாசம் 0.17 மி.மீ., ஒரு பத்திலொரு பாயிண்டுக்குக்கூடக் காணாது. கைப்பரவல் 5 மி.மீ.-க்கு இறங்கிய பிறகு அதே இரண்டு பெல்லட்டுக்கும் 5.59, 5.22 என்று வரும். இப்போது வித்தியாசம் 0.37. ஆக, பொசிஷன் மேம்பட மேம்படத்தான் பெல்லட்டின் விலைக்கு அர்த்தம் வருகிறது. இன்றைக்கு நல்ல பெயர் பெற்ற போட்டிப் பெல்லட்டில் தட்டையான தலையுள்ள, 0.53 கிராம் அளவுள்ள ஒன்று போதும். ஆர்.டபிள்யூ.எஸ்., ஹெச் அண்ட் என், ஜே.எஸ்.பி. எதுவானாலும் சரி.

சோதிக்கும் காலம் வந்ததும் இப்படிச் செய்யுங்கள். போட்டிப் பெல்லட்டின் தலை விட்டம் 4.49, 4.50, 4.51 என்று நூறில் ஒரு பங்கு மில்லிமீட்டரில் பிரித்து விற்கப்படுகிறது. டப்பாவில் பேட்ச் எண் இருக்கும். ஒரே கம்பெனி, ஒரே அளவு, வேறு பேட்ச் என்றால் குரூப் மாறுவது சாதாரணம். கையில் பிடித்துச் சுட்டால் ஒன்றும் தெரியாது, ரைஃபிளை உறுதியான பிடியில் பொருத்தித்தான் சுட வேண்டும். கிளப்பில் அந்த வசதி இருக்கிறதா என்று கேளுங்கள். ஒவ்வொரு வகையிலும் பத்துப் பத்தாகச் சில குரூப் எடுங்கள். ஓரத்திலிருந்து ஓரத்துக்கு அளந்து 4.5-ஐக் கழித்தால் மையத்திலிருந்து மையத்துக்கு உள்ள அகலம் கிடைக்கும். ஒரே ஒரு ஐந்து குண்டுக் குரூப்பைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். அதே டப்பாவின் இரண்டு குரூப்புகளே ஒன்றுக்கொன்று ஒன்றரை மடங்கு வேறுபடும், அது வெறும் தற்செயல். .22 ரைஃபிள் சுடுகிற பெரிய வீரர்கள் இதே வேலைக்காக ஜெர்மனியில் லாபுவா கம்பெனியின் சோதனைக் கூடத்துக்கும், இங்கிலாந்தில் எலி கம்பெனியின் கூடத்துக்கும் ரைஃபிளை எடுத்துக்கொண்டு போகிறார்கள். தோட்டா நிரப்ப முடியாதவர்களுக்கு பேட்ச் தேர்வு ஒன்றுதான் வழி. பெல்லட்டை ஒவ்வொன்றாக எடை போட்டுப் பிரிப்பது பயன் தருமா என்பதில் சுடுகிறவர்களுக்குள்ளேயே ஒருமித்த கருத்து இல்லை. என் பிள்ளைகளை நான் அதில் நேரம் செலவிட விடுவதில்லை. ஆனால் பின்பக்கப் பாவாடை (விரிந்த ஓரம்) நசுங்கிய பெல்லட்டை எடுத்து எறிவது கட்டாயம். டப்பாவை ஒருமுறை கீழே போட்டாலே பல நசுங்கிவிடும்.

நம் கடற்கரைக்கென்று ஒரு பாடு உண்டு. தேவனாம்பட்டினத்திலிருந்து வீசும் உப்புக் காற்று கதவு மூடிய அறைக்குள்ளும் வந்துவிடும். ஐப்பசி, கார்த்திகையில் ஈரமும் சேரும். பயிற்சி முடிந்ததும் வெளியே தெரியும் இரும்புப் பாகங்களில் விரல் பட்ட இடத்தையெல்லாம் எண்ணெய் தொட்ட துணியால் துடையுங்கள். பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு, நிறம் மாறியதும் காயவைத்து மறுபடி போடுங்கள். திறந்து வைத்த பெல்லட் டப்பாவில் வெள்ளைப் பொடி படியும். அப்படிப் படிந்ததைச் சுடாதீர்கள். அது ஈயத்தின் துரு, கையில் ஒட்டும், குழலுக்கும் நல்லதல்ல.

ரைஃபிளில் மாட்டும் காற்று சிலிண்டரைப் பற்றி மட்டும் அழுத்திச் சொல்கிறேன். அதில் 200 பார் அழுத்தம் இருக்கிறது. மே மாத வெயிலில் காருக்குள் விட்டுவிட்டுக் கடைக்குப் போகாதீர்கள். நிரப்புவதற்குக் கைப்பம்ப் இருக்கிறது. இல்லாவிட்டால் ஸ்கூபா டைவிங் நடத்துகிறவர்களிடம் உள்ளது போன்ற உலர்ந்த, வடிகட்டிய காற்று வேண்டும். பம்ப்பில் ஈரம் உறிஞ்சும் வடிகட்டியை மறக்க வேண்டாம், தண்ணீர் உள்ளே போனால் சிலிண்டர் உள்ளிருந்தே அரிக்கும். வெல்டிங் பட்டறையிலோ மருத்துவமனையிலோ கிடைக்கும் ஆக்சிஜனை ஒருபோதும் நிரப்பக் கூடாது. எண்ணெய்ப் பசையோடு அழுத்தமான ஆக்சிஜன் சேர்ந்தால் வெடிக்கும், உயிர் போகும். சிலிண்டரின் மேல் தயாரிப்புத் தேதி பொறித்திருக்கும். பத்து ஆண்டுதான் அதன் ஆயுள். காலாவதியாகாமல் பார்த்துக்கொள்வது வீரரின் பொறுப்பு என்று சர்வதேச விதியே சொல்கிறது. வாங்கிய அன்றே அந்தத் தேதியைப் பார்த்தீர்களா?

வீட்டில் பயிற்சி செய்யலாம், பத்து மீட்டர் நேர்கோடு கிடைத்தால். கூடத்திலிருந்து பின்கட்டு வரை கதவுகள் ஒரே வரிசையில் இருக்கும் பழைய வீடுகளில் கிடைக்கும். இலக்குக்குப் பின்னால் முழுச் சுவர் வேண்டும், குண்டு பிடிக்கும் இரும்புப் பெட்டி வேண்டும், நடுவே திறக்கக்கூடிய பக்கக் கதவு எதுவும் இருக்கக் கூடாது. மொட்டை மாடி வேண்டாம். பக்கத்து வீட்டுக் குழந்தை எப்போது எட்டிப் பார்க்கும் என்று தெரியாது. இலக்கின் மையம் தரையிலிருந்து 1.40 மீட்டர் உயரத்தில் இருக்கட்டும், இல்லாவிட்டால் பொசிஷனே தப்பாகப் பழகும். ஈயத்தைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவிய பிறகுதான் சாப்பாடு. பெல்லட்டை வாயில் வைத்துக்கொள்ளும் பழக்கம் சில பிள்ளைகளுக்கு உண்டு, கண்டால் உடனே நிறுத்துங்கள். குண்டே போடாமல் டிரிகர் மட்டும் இழுக்கும் பயிற்சிக்குப் பல ரைஃபிள்களில் தனி அமைப்பு இருக்கிறது. தினமும் அரை மணி நேரம் சுவரைப் பார்த்து அதைச் செய்தால், இந்த மாதம் வாங்க நினைத்த பெல்லட் டப்பாக்களைவிட அதிகப் பலன் கிடைக்கும்.

நான் உங்கள் மகளை நிற்க வைத்துப் பார்க்கவில்லை. அதனால் சீக் பீஸ் எத்தனை மில்லிமீட்டர், பட் எவ்வளவு நீளம் என்று எண் சொல்ல மாட்டேன். அப்படி எழுத்திலேயே எண் சொல்கிறவர்களை நம்பவும் வேண்டாம். மேலே சொன்ன வரிசையில் ஒரு மாதம் செய்துவிட்டு, முன்னிருந்தும் பக்கவாட்டிலிருந்தும் எடுத்த இரண்டு படங்களோடு கிளப் பயிற்சியாளரிடம் காட்டுங்கள். நம் நாட்டுப் போட்டிகளில் தேசிய விதிப் பிரிவு, சர்வதேச விதிப் பிரிவு என்று இரண்டு உண்டு. எதில் பெயர் கொடுக்கப் போகிறீர்கள் என்பதைத் தமிழ்நாட்டுத் துப்பாக்கி சுடும் சங்கத்தில் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே கூடுதல் பாகங்கள் வாங்குங்கள். பிடியில் வைத்துச் சுட்டும், எந்தப் பெல்லட் போட்டும், ரைஃபிளோடு வந்த ஆலைச் சோதனைத் தாளில் உள்ள துளையைவிடக் குரூப் பல மடங்கு பெரிதாக வந்தால் மட்டும் ரைஃபிளைச் சந்தேகப்படுங்கள். அப்போதும் முதலில் குழலைப் பிடித்திருக்கும் திருகுகளையும் சைட்டின் திருகுகளையும் பாருங்கள், அதற்கப்புறம் சர்வீஸுக்கு அனுப்பலாம். நல்ல பேட்ச் ஒன்று அமைந்துவிட்டால் அதே எண்ணில் கிடைக்கிற டப்பாக்களைச் சேர்த்து வாங்கி, போட்டிக்கென்று சிலவற்றைப் பிரிக்காமல் தனியே வைத்துவிடுங்கள்.